ரேம் ஸ்லாட் நான்கு, வாசல் இரண்டு



கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி முன்பு நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், 16 ஜிபி ரேம் வேண்டுமென்றால் 16 ஜிபியில் ஒன்று போடுவதா, 8 ஜிபியில் இரண்டு போடுவதா? கடையில் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள்." இன்னொருவர், "மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறது. இரண்டு கறுப்பு, இரண்டு சாம்பல். அழகுக்காகவா?" என்று கேட்டிருந்தார்.

அழகுக்காக இல்லை. இரண்டாகப் போடுங்கள், அதுவும் சரியான ஸ்லாட்டில் போடுங்கள் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த பதில், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கைகொடுக்காது. இது என் வகுப்பில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் கதையை முதலில் இருந்து சொல்கிறேன். பதிவு நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகப் படியுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவள். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அந்த அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பிடித்த ஆர்வம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

1. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போகும் பிள்ளை

1948 ஜூன் 21. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு இயந்திரம், தன் நினைவகத்திலேயே வைத்திருந்த நிரலை எடுத்து ஓட்டியது. மின்னணுக் கம்ப்யூட்டர் ஒன்று இப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அதன் செல்லப்பெயர் 'பேபி'. ஃபிரெடெரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன் என்ற இருவர் செய்த நினைவகம் அதில் இருந்தது.

அந்த நினைவகம் எது தெரியுமா? பழைய டிவியில் இருந்ததே பிக்சர் டியூப், அதே வகைக் குழாய். அதன் திரையில் புள்ளி புள்ளியாக மின்னேற்றத்தை வைப்பார்கள். புள்ளி ஒரு நொடிக்குள்ளேயே மங்கிவிடும். மங்குவதற்குள் படித்து மறுபடி எழுத வேண்டும். 32 வரிசை, வரிசைக்கு 32 புள்ளி. ஆக மொத்தம் 1024 பிட். இந்த 1024 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

அடுத்த ஆண்டு, 1949-இல், கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கம்ப்யூட்டர் ஓடியது. அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்கள். குழாயின் ஒரு முனையில் தகவலை ஒலித்துடிப்பாக அனுப்புவார்கள். மறுமுனைக்கு வந்ததும் பிடித்து மறுபடி முதல் முனைக்கே அனுப்புவார்கள். கடைக்கு அனுப்பிய சிறுபிள்ளை "கால் கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ துவரம்பருப்பு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போகுமே, அதே மாதிரிதான். சொல்வதை நிறுத்தினால் மறந்துவிடும். இதில் ஒரு சங்கடம் உண்டு. நமக்கு வேண்டிய தகவல் குழாயின் நடுவில் இருந்தால், அது முனைக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். நினைவகத்துக்கு மறதி உண்டு. நினைவகத்துக்காகக் கணக்குப் போடுகிறவர் காத்திருக்க வேண்டும். 75 ஆண்டுகளுக்கு மேலாகியும் இரண்டும் தீரவில்லை.

2. வயர் கூடை பின்னியது போல

அடுத்து வந்தது காந்த வளையம். கடுகு, மிளகு அளவில் சின்னச் சின்ன ஃபெரைட் வளையங்கள். ஒரு வளையத்தை ஒரு பக்கமாகக் காந்தமாக்கினால் 0, மறுபக்கமாக ஆக்கினால் 1. மின்சாரம் போனாலும் மறக்காது. ஆனால் வளையத்தைப் படிக்கும்போது அதில் இருந்தது அழிந்துவிடும். படித்தவுடனே திருப்பி எழுதிவிட்டால் போதும் என்று வழி கண்டவர், ஹார்வர்டில் வேலை பார்த்த ஆன் வாங். சீனாவில் ஷாங்காயில் பிறந்து அமெரிக்கா போனவர். 1949-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள்.

எம்ஐடி நிறுவனத்தில் ஜே ஃபாரஸ்டர் அந்த வளையங்களைக் கம்பி வலையில் கோக்கும் முறையைக் கொண்டுவந்தார். குறுக்கே ஒரு கம்பி, நெடுக்கே ஒரு கம்பி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வளையம். 1953-இல் வேர்ல்விண்ட் என்ற கம்ப்யூட்டரில் இதைப் பொருத்தினார்கள். ஒரு தட்டில் 32-க்கு 32 வளையம். பார்த்தீர்களா, மறுபடியும் 1024.

இந்த வளையங்களைக் கோத்தது யார்? பெரும்பாலும் பெண்கள். பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, ஊசியால் ஒவ்வொரு வளையத்திலும் தலைமுடி போன்ற கம்பிகளை நுழைத்துக் கையால் பின்னினார்கள். கைத்தொழில் பாடவேளையில் நான் உங்களுக்கு வயர் கூடை பின்னக் கற்றுக்கொடுத்தது ஞாபகம் இருக்கும். ஒரு கண்ணி தப்பினால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். உலகத்தின் பெரிய கம்ப்யூட்டர்கள் எல்லாம் சுமார் 20 ஆண்டுகள் இப்படிக் கையால் பின்னிய நினைவகத்தில்தான் ஓடின. அந்தப் பெண்களின் பெயர் எதுவும் பாடப்புத்தகத்தில் வரவில்லை. குறைந்தபட்சம் இந்தப் பதிவிலாவது அவர்கள் வேலை வரட்டும் என்றுதான் இதைச் சற்று விரித்து எழுதினேன்.

3. ஓட்டைக் குடம்

1966-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ராபர்ட் டெனார்ட் என்ற பொறியாளருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பிட்டை வைத்துக்கொள்ள ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரே ஒரு கெப்பாசிட்டரும் போதும் என்றார். 1968-இல் காப்புரிமை கிடைத்தது. கெப்பாசிட்டர் என்பதைக் குட்டிக் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரான்சிஸ்டர் அதன் குழாய். குடத்தில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0.

ஆனால் அது ஓட்டைக் குடம். தானாக ஒழுகும். ஒழுகித் தீர்வதற்குள் மறுபடி நிரப்ப வேண்டும். இன்றைய ரேமில் பொதுவாக 64 மில்லிவினாடிக்குள் எல்லாக் குடங்களையும் ஒருமுறை நிரப்பிவிட வேண்டும். அதாவது வினாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல். துவரம்பருப்புப் பிள்ளை இன்னும் சொல்லிக்கொண்டேதான் போகிறது! இப்படி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டியதால்தான் இதற்கு டைனமிக் ரேம், சுருக்கமாக டிரேம், என்று பெயர்.

1970-இல் இன்டெல் 1103 என்ற டிரேம் சிப் விற்பனைக்கு வந்தது. அதன் கொள்ளளவு 1024 பிட். பேபியின் பிக்சர் டியூப் முழுவதும் ஒரு விரலளவு சிப்புக்குள் வந்துவிட்டது. கையால் பின்னும் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. இன்று நீங்கள் வாங்கும் 8 ஜிபி ரேமில் சுமார் 6,870 கோடிக் குடங்கள் இருக்கின்றன.

குடங்களின் எண்ணிக்கை இப்படி எகிறியது. விலை இறங்கியது. ஆனால் ஒரு குடத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் துளி மின்னேற்றத்தை உணர்ந்து, பதில் சொல்லி, காலியான குடத்தை மறுபடி நிரப்பும் வேலை மட்டும் அந்த அளவுக்கு வேகம் பிடிக்கவில்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

4. பந்தியில் உட்கார்ந்தவரும் பரிமாறுகிறவரும்

இப்போது ஒரு கணக்கு. பயப்படாதீர்கள், வகுத்தல் மட்டும்தான்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் பிராசசர் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதன் ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் சுமார் 210 நானோவினாடி. அதில் இருந்த ரேம் சிப் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 250 நானோவினாடி. இருவரும் ஏறக்குறைய ஒரே நடை.

இன்று 4 கிகாஹெர்ட்ஸ் பிராசசரின் ஒரு துடிப்பு கால் நானோவினாடி. ரேம் சிப் குடத்தைத் திறந்து பதில் சொல்ல இன்னும் 30 நானோவினாடி அளவு ஆகிறது. 30-ஐ 0.25-ஆல் வகுத்துப் பாருங்கள். 120 வருகிறது. ரேம் ஒரு பதில் சொல்வதற்குள் பிராசசர் 120 தடவை துடித்துவிடுகிறது. பிராசசரின் துடிப்பு எண்ணூறு மடங்குக்கு மேல் வேகமாகிவிட்டது. ரேமின் பதில் எட்டு, ஒன்பது மடங்குதான் வேகமாகியிருக்கிறது. 1995-இல் வில்லியம் வுல்ஃப், சாலி மெக்கீ என்ற இரண்டு அறிஞர்கள் இது ஒரு நாள் பெரிய முட்டுச்சுவராக நிற்கும் என்று எழுதினார்கள். 'மெமரி வால்', அதாவது நினைவகச் சுவர், என்ற பெயர் அதிலிருந்து நிலைத்துவிட்டது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட உட்கார்ந்திருப்பவர் பிராசசர். சமையலறை ரேம். சாப்பிடுகிறவர் மகா வேகம். பரிமாறுகிறவரோ நடந்துதான் வர முடியும். அவரை ஓடச் சொல்லி ஓரளவுக்குமேல் விரட்ட முடியாது. பந்தி விசாரிக்கும் பெரியவர் என்ன செய்வார்?

முதல் வழி, அடிக்கடி கேட்கிற பதார்த்தத்தைப் பக்கத்து மேசையிலேயே கொஞ்சம் வைப்பது. இதுதான் கேஷ். 1989-இல் வந்த இன்டெல் 486 பிராசசருக்குள்ளேயே 8 கேபி கேஷ் இருந்தது.

இரண்டாவது வழி, ஒருவர் வாளியை நிரப்பப் போகும்போது இன்னொருவர் பரிமாறுவது. 1964-இல் சீமோர் கிரே வடிவமைத்த சிடிசி 6600 என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் இது அழகாக இருந்தது. அதன் நினைவகத்தை 32 தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருந்தார். ஒரு பகுதி ஒரு வேலையை முடிக்க 1 மைக்ரோவினாடி ஆகும். பிராசசரின் துடிப்போ அதில் பத்தில் ஒரு பங்கு. அதனால் ஒரு பகுதி மூச்சு வாங்கும்போது அடுத்த பகுதி பரிமாறும், அது மூச்சு வாங்கும்போது அதற்கடுத்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் மெதுவானவர்கள். சேர்ந்து செய்யும்போது வேகம்.

மூன்றாவது வழி, சமையலறைக்கு இன்னொரு வாசல் வைப்பது. ஒரே நேரத்தில் இரண்டு வாசல் வழியாக இரண்டு பேர் வரலாம். கம்ப்யூட்டரில் அந்த வாசலுக்குப் பெயர்தான் சேனல்.

5. ஜோடி போடும் பழக்கம் புதிதல்ல

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். 1981 பிசியில் ரேம் ஸ்லாட் கிடையாது. சிப்புகளைத் தனித்தனியாக மதர்போர்டில் சொருக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதினாறு கால். சொருகும்போது ஒரு கால் மடங்கினால் போச்சு.

1983-இல் வாங் லேபரட்டரீஸ் என்ற நிறுவனம் இதற்கு விடை கண்டது. சிப்புகளைச் சின்னப் பலகையில் பற்றவைத்துவிட்டு, பலகையையே ஸ்லாட்டில் சொருகினால் என்ன? அதற்குச் சிம் என்று பெயர். போனில் போடும் சிம் கார்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு. வாங் என்ற பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அதே ஆன் வாங்தான். காந்த வளையத்துக்கு வழி சொன்னவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்று நாம் கையில் பிடிக்கும் ரேம் பலகைக்கும் முன்னோடி. ஒரு மனிதரின் பெயர் நினைவகத்தின் கதையில் 34 ஆண்டு இடைவெளியில் இரண்டு இடத்தில் வருகிறது.

அந்தக் காலச் சிம் பலகை ஒன்றின் அகலம் 8 பிட். 386 டிஎக்ஸ், 486 பிராசசர்களோ 32 பிட்டை ஒரே மூச்சில் கேட்டன. அப்படியானால் எத்தனை பலகை வேண்டும்? 32-ஐ 8-ஆல் வகுத்தால் 4. நான்காகத்தான் போட வேண்டும். மூன்று போட்டால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. பிறகு 32 பிட் அகலத்தில் 72 கால் பலகை வந்தது. 1993-இல் பென்டியம் வந்து 64 பிட் கேட்டது. அதற்கு இரண்டு பலகை, ஜோடியாக.

அதற்குப் பின் 64 பிட் அகலத்தில் 168 கால் டிம் பலகை வந்தது. அப்பாடா, இனி ஒன்று போதும். "ஒன்று போட்டாலும் இரண்டு போட்டாலும் ஒன்றுதான்" என்ற பேச்சு அந்தக் காலத்துக்குச் சரியாகவே பொருந்தும். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. காலம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

6. இரண்டாவது வாசல் திறந்த கதை

2000-ஆம் ஆண்டில் இன்டெல் பென்டியம் 4 பிராசசரைக் கொண்டுவந்தது. அதனுடன் வந்த மதர்போர்டுகளில் ராம்பஸ் நிறுவனத்தின் புதுவகை ரேம். இரண்டு சேனல், அதனால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், காலியான ஸ்லாட்டைக் காலியாகவே விடக்கூடாது. சிக்னல் ஒவ்வொரு ஸ்லாட் வழியாகவும் தொடர்ந்து போக வேண்டும் என்பதால், சிப் இல்லாத வெற்றுப் பலகை ஒன்றைச் சொருக வேண்டும். விலையும் அதிகம். மக்கள் ஏற்கவில்லை.

இன்னொரு பக்கம் டிடிஆர் ரேம் வந்தது. ஒரு துடிப்பில் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை தகவல் அனுப்பும். விலையும் கைக்கு அடக்கம். 2001-இல் என்விடியா நிறுவனம், ஏஎம்டி பிராசசர்களுக்கான தன் என்ஃபோர்ஸ் சிப்செட்டில் டிடிஆர் ரேமுக்கு இரண்டு வாசல் வைத்தது. மதர்போர்டோடு சேர்ந்தே வந்த கிராபிக்ஸ் சிப்புக்கு அந்த இரண்டாவது வாசல் பெரிய உதவி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2003-இல் இன்டெல் 865, 875 சிப்செட்டுகளைக் கொண்டுவந்தது. கணக்கைப் பாருங்கள். டிடிஆர் 400 ரேம் வினாடிக்கு 40 கோடித் தடவை, தடவைக்கு 8 பைட் அனுப்பும். ஆக ஒரு சேனலுக்கு வினாடிக்கு 3.2 ஜிபி. அப்போதைய பென்டியம் 4 தன் பாதையில் வாங்கிக்கொள்ளக்கூடியது 6.4 ஜிபி. ஒரு வாசலில் பாதிப் பசிதான் அடங்கும். இரண்டு வாசல் திறந்தால் அளவெடுத்தது போலப் பொருந்தும். டூயல் சேனல் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் பரவலாக வந்தது இந்தக் காலத்தில்தான். ஸ்லாட்டுகளுக்கு வண்ணம் பூசி எது எதனோடு ஜோடி என்று காட்டும் பழக்கம் பரவியதும் அப்போதுதான்.

இதை ஒட்டி இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை ரேமை மேய்க்கும் வேலையை மதர்போர்டில் இருந்த தனிச் சிப் செய்தது. 2003-இல் ஏஎம்டி ஆத்லான் 64 பிராசசரில் அந்த வேலையைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். இன்டெல் 2008-இல் கோர் ஐ7 பிராசசரில் அதே வழிக்கு வந்தது, அதுவும் மூன்று சேனலோடு. அந்த மதர்போர்டுகளில் ரேமை மூன்று மூன்றாகப் போட்டார்கள். 2017-இல் வந்த ஏஎம்டி எபிக் சர்வர் பிராசசரில் எட்டு வாசல், 2022-இல் வந்ததில் பன்னிரண்டு வாசல். ஆக, எத்தனை வாசல் என்பதை இப்போது முடிவு செய்வது பிராசசர். மதர்போர்டில் ஸ்லாட் எத்தனை என்பது வேறு விஷயம்.

கடைசியாக ஒரு வியப்பு. 2015-இல் ஏஎம்டி வெளியிட்ட ஒரு கிராபிக்ஸ் கார்டில் ஹெச்பிஎம் என்ற அடுக்கு நினைவகம் முதன்முதலாக வந்தது. சிப்புகளை மாடிவீடு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அப்படி ஓர் அடுக்கின் வாசல் அகலம் எவ்வளவு தெரியுமா? 1024 பிட். 1948-இல் பேபியின் மொத்த நினைவகமும் இன்று ஒரே எட்டில் வாசலைத் தாண்டிவிடும். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்த வகை நினைவகத்தைத்தான் அள்ளிக்கொண்டு போகின்றன. தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பியதால்தான் அண்மையில் நம் வீட்டு ரேமின் விலையும் ஏறியது.

7. வீட்டுக்கு எது உதவும்

பொதுவான வீட்டு மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கும், வாசல் இரண்டுதான். பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் முதல் இரண்டும் ஒரு வாசலுக்கு, அடுத்த இரண்டும் இன்னொரு வாசலுக்கு. ஏ1, ஏ2, பி1, பி2 என்று எழுதியிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இரண்டு ரேம் போட்டால் இருவரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்ற வாசல் சும்மா திறந்து கிடக்கும்.

அப்படியானால் எங்கே போடுவது? பெரும்பாலான மதர்போர்டுகளில் இரண்டாவது, நான்காவது. முதலாவது, மூன்றாவது ஏன் கூடாது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வாசலின் கம்பியும் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் போய் முடிகிறது. முடியும் இடம் காலியாக இருந்தால் சிக்னல் அங்கே மோதி எதிரொலி போலத் திரும்பும். வேகமான ரேமுக்கு அது இடைஞ்சல். ஆனாலும் நான் சொன்னேன் என்று போடாதீர்கள். மதர்போர்டோடு ஒரு சிறு புத்தகம் தருவார்கள். அதில் ரேம் பக்கத்தில் படம் போட்டிருக்கும். அதன்படிதான் போட வேண்டும்.

எங்கள் உறவிலேயே நடந்தது. என் தங்கை மகன் சிறிய அச்சுக்கூடம் வைத்திருக்கிறான். அவன் மகள் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். தவணையில் வாங்கிய கம்ப்யூட்டர், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, 8 ஜிபியில் இரண்டு ரேம். வீடியோ தொகுக்கும்போது திணறுகிறது என்று ஒரு கடைக்குத் தூக்கிப் போனார்கள். திறந்துகூடப் பார்க்காமல் "பிராசசர் பழசு, மாற்றிவிடுங்கள்" என்று புது கம்ப்யூட்டருக்கு விலை சொல்லி அனுப்பினார்கள். பழைய தவணையே முடியவில்லை. அவன் வட்டிக்குப் பணம் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

பிள்ளையிடம் போனில் சொன்னேன். "பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரும்பைத் தொட்டுக் கையில் இருக்கும் மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, மூடியைத் திற. போட்டோ எடுத்து அனுப்பு." இரண்டு ரேமும் முதல் இரண்டு ஸ்லாட்டில், பக்கத்துப் பக்கத்தில். புத்தகத்தைப் பார்த்து அவளே இரண்டிலும் நான்கிலும் மாற்றிப் போட்டாள். செலவு ஒன்றுமில்லை. திணறல் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் வேலை ஓடும் அளவுக்குக் குறைந்தது. அந்த ஆண்டு செய்முறைத் தேர்வுக்கான படத்தை அதிலேயே முடித்துக் கொடுத்தாள். அவன் கடன் வாங்கவில்லை.

ஏன் அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் திரையில் படம் வரையும் சிப்பும் இதே ரேமில் இருந்துதான் சாப்பிடுகிறது. ஒரே சமையலறையில் இரண்டு பந்தி. அங்கே இரண்டாவது வாசல் மிகவும் முக்கியம். இன்டெல் தன் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் வந்த பிராசசர்களில் இதை வெளிப்படையாகவே வைத்திருந்தது. ரேம் இரண்டு சேனலில் இருந்தால்தான் அந்தப் பெயரைக் காட்டும், ஒன்றில் இருந்தால் சாதாரண யுஹெச்டி என்றுதான் காட்டும்.

எல்லோருக்கும் இதே பலன் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கடிதம் அடிப்பது, இணையம் பார்ப்பது, கணக்கு எழுதுவது போன்ற வேலைகளில் வித்தியாசம் அதிகம் தெரியாது. வாசல் இரண்டானாலும் முதல் வாளி வந்து சேரும் நேரம் குறையாது, ஒரு நேரத்தில் வரும் அளவுதான் கூடும். ரேம் 4 ஜிபிதான் இருக்கிறது என்றால் முதலில் அளவைக் கூட்டுங்கள். இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் என்றால் எஸ்எஸ்டி போடுவதுதான் முதல் வேலை.

கேட்டவர்களுக்காகச் சுருக்கமாக:

ஒரே அளவு, ஒரே வேகம் உள்ள இரண்டு ரேமை ஒரே பெட்டியில் ஜோடியாக வாங்குவது நல்லது. 4 ஜிபியும் 8 ஜிபியும் கலந்திருந்தால் பல கம்ப்யூட்டர்களில் 4-க்கு 4 ஜோடியாக ஓடும், மிச்சம் 4 தனியாக ஓடும். கெட்டுப்போகாது, முழுப் பலன் கிடைக்காது.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று போகாது. வெட்டு இருக்கும் இடம் மாறும். போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

டிடிஆர்5 ரேம் ஒன்றிலேயே 32 பிட்டாக இரண்டு சிறு சேனல் உண்டு. அதைக் காட்டி "ஒன்றே டூயல் சேனல்தான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 32-உம் 32-உம் கூட்டினால் 64. பழைய ஒரு வாசல் அகலம்தான். இரண்டாவது ரேமுக்குத் தேவை இருக்கிறது.

லேப்டாப் வாங்கும் முன், ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைத்திருக்கிறதா என்று கேளுங்கள். பற்றவைத்திருந்தால் பின்னால் மாற்ற முடியாது. வாங்கும்போதே போதுமான அளவு வாங்கிவிடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்தினால் தெரியும். சேனல் ஒன்றா இரண்டா என்பதை சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் காட்டும்.

மான்செஸ்டரில் தொடங்கி இன்றுவரை நினைவகம் பிராசசரோடு ஓடி ஜெயிக்கவில்லை. ஜெயிக்க முடியாது என்று தெரிந்தவர்கள், பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தி வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். 32 பகுதி, நான்கு பலகை, இரண்டு சேனல், பன்னிரண்டு சேனல் எல்லாம் அந்த ஒரே யோசனையின் பிள்ளைகள். உங்கள் வீட்டு மதர்போர்டில் இருக்கும் அந்த நான்கு ஸ்லாட்டும் அதே குடும்பம்தான். ஆகவே புதிதாக வாங்கச் சொன்னால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். மூடியைத் திறந்து, இருப்பது சரியான இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். புரியாத இடம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள், மறுபடியும் சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்